எங்கள் மெஸ்ஸில் சினை நண்டு கிடையாது

சித்திரைத் திருவிழாவுக்கு ஊரே நிறைந்து கிடக்கும் நாட்களில்தான் எங்கள் மெஸ்ஸில் மீனுக்குத் தட்டுப்பாடு வரும். ஏப்ரல் 15-ஆம் தேதி கிழக்குக் கடற்கரையில் தடைக்காலம் தொடங்கிவிடும். அழகர் ஆற்றில் இறங்குவதும் அதை ஒட்டித்தான் வரும். வெளியூர்க் கூட்டம் வந்து உட்கார்ந்து, இலையில் தண்ணீர் தெளிக்கும்போதே கேட்கும்: "கடல் மீனா, டேம் மீனா?"

டேம் மீன் என்றால் பாதிப் பேர் கோழிக் குழம்புக்கு மாறிவிடுவார்கள். அதனால் பல வருஷம் தடைக்காலத்தைத் திட்டிக்கொண்டேதான் தொழில் செய்தேன். முன்பெல்லாம் 45 நாள். 2017-இல் அதை 61 நாளாக்கி, ஜூன் 14 வரை நீட்டியபோது நான் பேசியதை இங்கே எழுத முடியாது. அந்த நாட்களில் மதுரைக் கரிமேட்டு மீன் மார்க்கெட்டுக்கு வருவது பெரும்பாலும் மேற்குக் கடற்கரைச் சரக்கு. அங்கே தடை ஜூனில்தான் ஆரம்பிக்கும். ஐஸில் எத்தனை நாள் கிடந்ததோ, கண் குழிந்து, செவுள் பழுப்பேறி வரும். அதையும் இரண்டு மடங்கு விலைக்கு வாங்கி, புளியையும் மிளகாயையும் கூட்டிப் போட்டுச் சமாளிப்பேன். சாப்பிட்டவர்கள் "காரம் தூக்கலா இருக்குக்கா" என்பார்கள். காரணம் எனக்கும் அரிவாள்மனைக்கும்தான் தெரியும்.

மெஸ் என் மாமியார் ஆரம்பித்தது. விடிகாலையில் கரிமேட்டுக்குப் போய் மீன் எடுக்கும் வேலை மட்டும் வந்த நாளிலிருந்து என்னுடையது. அத்தனை வருஷம் கடல் மீன் விற்றவள் கடலைப் பார்த்தது இரண்டே முறை. இரண்டும் தை அமாவாசைக்கு ராமேஸ்வரம் போனபோது, முங்கி எழுந்த நேரம் மட்டும்.

2018 ஜூனில்தான் மூன்றாவது முறை. என் வீட்டுக்காரரின் கூட்டாளி ஒருவர் ராமேஸ்வரத்துக்கு முன்னால் இருக்கும் மண்டபம் ஊரில் ஐஸ் கம்பெனியில் வேலை பார்க்கிறார். "தங்கச்சி, தடை முடிஞ்சு போட்டெல்லாம் கடலுக்குப் போகுது. முதல் நாள் மீனை நேரா வந்து எடுத்தீங்கன்னா கரிமேட்டு விலையில பாதிக்குக் கிடைக்கும்" என்றார். ஆசை யாரை விட்டது? குட்டியானை ஒன்றை வாடகைக்குப் பிடித்து ராத்திரியே கிளம்பினோம்.

விடியும்போது விசைப்படகுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கரை பிடித்தன. இறால் ஒரு பக்கம், கணவாய் ஒரு பக்கம், நண்டு ஒரு பக்கம் என்று பெண்கள் உட்கார்ந்து பிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் கண்ணை இறாலிலேயே வைத்திருந்தேன். காலில் ஏதோ வழுக்கியது. குனிந்து பார்த்தால் தார்ப்பாயில் இடுப்புயரத்துக்கு ஒரு குவியல். சேறும் கடல்புல்லும் ஒட்டிக்கொண்டு, விரல் நீளத்துக்கும் குறைவான மீன்கள். நசுங்கிய காரல், நகக்கண் அளவு நண்டு, கண்ணாடி மாதிரிக் கணவாய்க் குஞ்சு, ஒரு கடல்குதிரை. வால் சுருண்டபடியே காய்ந்திருந்தது. ஒரு சிவப்பு மீனை எடுத்துத் துடைத்துப் பார்த்தேன். சங்கரா. என் சுண்டுவிரல் அளவு. இன்னும் ஒன்றிரண்டு வருஷம் விட்டிருந்தால் எங்கள் மெஸ்ஸில் ஒரு தட்டை அடைத்துக்கொண்டு கிடந்திருக்கும்.

"இது என்னண்ணே?" என்று ஐஸ் கம்பெனி அண்ணனிடம் கேட்டேன்.

"சங்காயம். கழிவு மீனு."

கிலோ என்ன விலை என்றேன். அவர் சொன்ன தொகைக்கு அன்று மதுரையில் ஒரு காபிகூடக் குடித்திருக்க முடியாது. யார் வாங்குவார்கள் என்று கேட்டதற்கு அவர் சிரித்தார். "காய வெச்சு அரைச்சுக் கோழித் தீவனத்துக்குப் போயிரும். நாமக்கல் பக்கம் போயி, முட்டையா உங்க ஊருக்குத்தான் திரும்பி வருது."

எங்கள் மெஸ்ஸில் கலக்கி, ஆம்லெட் என்று ஒரு நாளைக்கு நூற்றைம்பது முட்டை உடையும். கடலுக்கும் எனக்கும் உள்ள தொடர்பு மீன் குழம்போடு முடிந்தது என்று நினைத்திருந்தேன். அன்றைக்கு அந்தக் கணக்கு தப்பாகிவிட்டது.

திரும்பும் வழியெல்லாம் அந்த அண்ணனிடம் போனில் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். இழுவைமடி என்பது வாயகன்ற ஒரு பெரிய வலைப் பை. வாயை விரித்துப் பிடிக்க இரண்டு பக்கமும் கனமான பலகை. அடியில் சங்கிலி. இறால் தரையோடு ஒட்டிக் கிடக்கும். அதைக் கிளப்ப வேண்டும் என்றால் தரையை உரசித்தான் ஆக வேண்டும். பாக் நீரிணை ஆழம் குறைந்த கடல். அடியில் வயல் மாதிரி கடல்புல் விரிந்து கிடக்கிறது. மீன் முட்டையிடுவதும் குஞ்சு ஒளிவதும் அங்கேதான். கடல்பசு மேய்வதும் அங்கேதான். அதை அந்தப் பக்கம் ஆவுளியா என்கிறார்கள். ஒரு நாளைக்கு 30, 40 கிலோ புல் தின்னுமாம். மூச்சுக்கு அடிக்கடி மேலே வர வேண்டிய பிராணி. வலையில் சிக்கி மேலே வர முடியாமல் போனால் கடலுக்குள்ளேயே மூச்சடைத்துச் செத்துப்போகும். 2022-இல் தஞ்சாவூர், புதுக்கோட்டை கடலோரத்தில் 448 சதுர கிலோமீட்டரை அதற்கென்றே காப்பகமாக அறிவித்தார்கள். அந்தச் செய்தியைப் பேப்பரில் பார்த்தபோது எனக்கு அந்தத் தார்ப்பாயில் ஒட்டியிருந்த புல்தான் ஞாபகம் வந்தது.

சட்டம் இல்லாமல் இல்லை. கரையை ஒட்டிய கடலில் விசைப்படகு மீன் பிடிக்கக் கூடாது. இரண்டு படகு சேர்ந்து ஒரே வலையை இழுக்கும் இரட்டைமடிக்குத் தடை. மீன் கூட்டத்தை வளைத்து அடியை இறுக்கும் சுருக்குமடிக்கும் தமிழ்நாட்டில் தடை இருக்கிறது. 2023-இல் உச்ச நீதிமன்றம் 12 கடல் மைலுக்கு அப்பால், வாரத்தில் இரண்டு நாள், நிபந்தனைகளோடு அதை அனுமதித்தது. ராமநாதபுரம் கடலில் வாரத்தில் 3 நாள் விசைப்படகு, 4 நாள் நாட்டுப்படகு என்று முறை வைத்தே போகிறார்கள். பாக் நீரிணை இழுவைப் படகுகளை ஆழ்கடலில் சூரை மீன் பிடிக்கும் படகாக மாற்றும் திட்டம் 2017-இல் வந்தது. 2,000 படகு இலக்கு. அந்த இலக்குக்குப் பக்கத்தில்கூடப் போகவில்லை. கடனை வாங்கி இழுவைப் படகு விட்டவரைக் கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். டீசல் போட்டுப் போகிறவர் இறாலுக்குத்தான் போவார். அந்த இறாலைக் கேட்பது யார்? தொக்கு, வறுவல், பிரியாணி என்று நாம்தானே.

சரி, நண்டுக்கு வருகிறேன்.

கரிமேட்டில் நான் வாங்கும் அண்ணன் சினை நண்டு வந்தால் எனக்கென்று தனியாக எடுத்து வைப்பார். கிலோவுக்குக் கூடுதல் விலை. மெஸ் வாசலில் கரும்பலகையில் "இன்று சினை நண்டு" என்று எழுதினால் பதினொன்றரைக்கே ஆள் வந்துவிடும். அது எனக்கு ஒரு பெருமை.

மண்டபம் போய் வந்த சில மாதம் கழித்துத் தொண்டிப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனேன். மறுநாள் காலை கடற்கரையில் நாட்டுப்படகுக்காரர் ஒருவர் வலையிலிருந்து நண்டு கழற்றிக்கொண்டிருந்தார். பெரியவர், என் அப்பா வயசு இருக்கும். ஒரு நண்டைக் கழற்றித் திருப்பிப் பார்த்தார். அப்படியே தண்ணீருக்குள் விட்டார். நல்ல எடையான நண்டு. எனக்கு வயிறு எரிந்தது.

"ஏன் பெரியப்பா விட்டுட்டீங்க?"

"கருஞ்சினைத்தா. ரெண்டு நாள்ல பொரிஞ்சிரும்."

இன்னொன்றை எடுத்துக் காட்டினார். பெண் நண்டின் அடிவயிற்றில் மடக்கிய மடல் ஒன்று இருக்கும். அதற்கு வெளியே பஞ்சு உருண்டை மாதிரி முட்டை பிதுங்கிக்கொண்டிருந்தது. மஞ்சளாக இருந்தால் இப்போதுதான் விட்டது. நாள் ஆக ஆகப் பழுப்பாகி, பொரியப் போகும்போது கறுத்துவிடும். கறுப்பு என்பது உள்ளே இருக்கும் குஞ்சின் கண். அந்த ஒரு உருண்டையில் லட்சக்கணக்கில் முட்டை. நான் பத்து வருஷத்துக்கு மேல் அதைத் தேங்காயும் சோம்பும் அரைத்துக் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தேன்.

இதில் ஒரு விஷயம் சமைக்கிறவர்களுக்கு மட்டும் தெரியும். வெளியே தொங்கும் அந்தச் சினைக்கு ருசி கிடையாது. மணல் மாதிரி நறநறக்கும். ஆட்கள் ருசி என்று சொல்வது ஓட்டுக்குள் இருக்கும் ஆரஞ்சு நிற உள்சினை. பார்த்ததும் ஆசை வருவதற்குத்தான் வெளிச்சினை. சதை வேண்டும் என்றால் ஆண் நண்டு வாங்க வேண்டும். நீல நிறமாக, கொடுக்கு நீளமாக இருக்கும். திருப்பிப் பார்த்தால் அடிவயிற்று மடல் ஊசியாக, குறுகலாக இருக்கும். பெண் நண்டுக்கு அது அகலமாக, வளைந்து இருக்கும். ஒரு தடவை கையில் எடுத்துப் பார்த்துவிட்டால் அப்புறம் மறக்காது.

கரும்பலகையில் அந்த வரியை அழித்தேன். முதல் மாதம் வாசலில் வந்து பார்த்துவிட்டுத் திரும்பியவர்கள் உண்டு. கரிமேட்டு அண்ணன், "நீங்க எடுக்கலேன்னா அடுத்த ஆள் எடுக்கப் போறாரு. இதுல உங்களுக்கு என்னக்கா?" என்றார். அதற்கு இன்றுவரை என்னிடம் சரியான பதில் இல்லை. அவர் சொன்னதும் உண்மைதான்.

அளவு விஷயம் இன்னும் எளிது. கேரளத்தில் மத்தி 10 சென்டிமீட்டருக்குக் கீழும், அயிலை 14 சென்டிமீட்டருக்குக் கீழும் பிடிக்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. என் அரிவாள்மனைக் கட்டையில் கத்தியால் இரண்டு கோடு கீறி வைத்திருக்கிறேன். சந்தேகம் வந்தால் மீனை வைத்துப் பார்ப்பேன். தொடர்ந்து கோட்டுக்கு உள்ளேயே வந்தால் அடுத்த நாள் அண்ணனிடம் சொல்லிவிடுவேன். குஞ்சில் முள்தான் மிச்சம், அதனால் எனக்கும் நஷ்டம். இதை வைத்துக்கொண்டு நெத்திலியைப் பார்த்துப் பதறாதீர்கள். நெத்திலி கிழவியானாலும் அந்த நீளம்தான். சின்ன மீன் எல்லாம் குஞ்சு இல்லை. சீக்கிரம் பெருகும் மீனும் அதுதான். பெரிய வஞ்சிரத்தை விரட்டுவதைவிட நெத்திலி, சூடை, காரல் பக்கம் வாயைத் திருப்புவது கடலுக்கும் நல்லது, பர்ஸுக்கும் நல்லது.

சுறாப்புட்டை நிறுத்தியதுதான் பெரிய சண்டையானது. பிள்ளை பெற்ற பெண்ணுக்குப் பால் சுறா கொடுக்க வேண்டும் என்பது நம் ஊரில் மாற்ற முடியாத நம்பிக்கை. பால் சுறா என்ற பேரில் தட்டில் வருவது பல நேரம் பெரிய சுறா இனத்தின் குட்டிதான். சுறா மத்தி மாதிரி இல்லை. பருவத்துக்கு வரவே பல வருஷமாகும், ஈனுவதும் கொஞ்சம் குட்டிதான். எங்கள் தெரு அக்கா ஒருவர் மகளின் பிரசவத்துக்குக் கேட்டு, நான் இல்லை என்றதும், "மீனு விக்கிறவ மீனுக்குப் பரிதாபப்படுறியாக்கும்" என்று விட்டுப்போனார். மறுநாள் பூண்டு தட்டிப் போட்டுக் காரல் சொதி வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கடற்கரை ஊர்களில் பிள்ளை பெற்றவளுக்கு அதைத்தான் கொடுக்கிறார்கள். பாத்திரம் கழுவித் திரும்பி வந்தது. பேச்சு மட்டும் ஆறு மாதம் கழித்துத்தான் வந்தது.

எல்லாம் சரியாகச் செய்துவிட்டேன் என்று எண்ண வேண்டாம். 2019-இல் தூண்டில் மீனாகத்தான் வாங்குவது என்று வீராப்பாக முடிவு செய்தேன். நாட்டுப்படகுத் தூண்டிலில் வரும் பாறையும் விளமீனும் அடிபடாமல், பளபளவென்று இருக்கும். பஸ்ஸில் ஏற்றி அனுப்பச் சொன்னேன். மூன்றாவது தடவை 18 கிலோ மீன் வயிறு வெடித்து வந்தது. பஸ் தாமதம் ஒரு காரணம். நான் செய்த தப்பு இன்னொன்று: ஐஸுக்குக் கணக்குப் பார்த்தேன். நம் வெயிலுக்கு ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் வேண்டும். அடியில் ஒரு அடுக்கு, நடுவில் அடுக்கு, மேலே அடுக்கு. பெட்டியின் அடியில் ஓட்டை இருக்க வேண்டும். உருகின தண்ணீரில் மீன் ஊறினால் ஐஸ் இருந்தும் பிரயோஜனம் இல்லை. அந்த 18 கிலோவையும் குப்பையில் கொட்டினேன். கடலைக் காப்பாற்றப் போய்க் கடல் மீனைக் குப்பையில் கொட்டியவள் நான். இப்போது வாரத்துக்கு இரண்டு நாள் மட்டும் தூண்டில் மீன். மற்ற நாள் கரிமேட்டுச் சரக்கு. இறால் இழுவைமடியில் வந்ததுதான் என்று தெரிந்தே வாரம் ஒரு முறை வாங்குகிறேன். அதை நிறுத்தினால் வாடகை கொடுக்க முடியாது.

உதவிய ஒரு சின்ன வேலை: கரும்பலகையில் மீன் பெயர் எழுதுவதை விட்டேன். "இன்றைய மீன் குழம்பு" என்று மட்டும் எழுதுகிறேன். வஞ்சிரம் என்று எழுதினால் வஞ்சிரம் வைத்தே தீர வேண்டும், என்ன விலையானாலும், எந்த அளவானாலும். பெயர் இல்லாததால் எது நன்றாக வந்ததோ அது குழம்பாகும். தடைக்காலத்தில் டேம் கட்லாவை எங்கள் மாமியார் பக்குவத்தில், மாங்காய் போட்டு வைக்கிறேன். கேட்டால் டேம் மீன் என்று சொல்லிவிடுவேன். பாதிப் பேர் கேட்பதே இல்லை.

பிளாஸ்டிக் கதையும் சொல்ல வேண்டும். நம் ஊரில் ஒரு பேச்சு உண்டு. சிவனுக்கு நஞ்சைக் கொடுத்த கடலோடு கலக்க மாட்டேன் என்று வைகை வழியிலேயே நின்றுவிட்டதாம். ராமநாதபுரம் பெரிய கண்மாயோடு தண்ணீர் முடிந்துவிடுவதால் வந்த கதை. மதுரைக்காரர்களுக்கு அது ரொம்ப வசதியான கதை. ஆற்றில் எதைப் போட்டாலும் கடலுக்குப் போகாது என்று ஒரு நிம்மதி. ஆனால் மழை கனத்த வருஷங்களில் உபரித் தண்ணீர் ஆற்றங்கரை என்ற ஊர்ப் பக்கம் பாக் நீரிணையில் கலக்கிறது. பக்கத்திலேயே அழகன்குளம், பழைய பாண்டியர் துறைமுகம், ரோமானியச் சாமான்கள் கிடைத்த இடம். அந்தக் காலத்தில் நம் ஊர்ச் சரக்கு கப்பலேறியிருக்கும் கரை. நான் போனபோது பார்த்த மதுரைச் சரக்கு ஒரு ஜவுளிக்கடைப் பை. பாதி மணலில் புதைந்து, "மாசி வீதி, மதுரை-1" என்ற எழுத்து மட்டும் வெளியே தெரிந்தது. அது ஆற்றோடு வந்ததா, ராமேஸ்வரம் போன யாரோ எறிந்ததா என்று சத்தியம் செய்ய முடியாது. எங்கள் பேட்டைச் சாக்கடை வாய்க்காலில் சேர்ந்து வைகைக்குத்தான் போகிறது என்பதை மட்டும் சத்தியம் செய்வேன்.

2019 ஜனவரி 1-ஆம் தேதி ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்தபோதும் பார்சலுக்குக் கேரி பேக்கைத் திருட்டுத்தனமாக ஓட்டிக்கொண்டுதான் இருந்தேன். குழம்பைப் பேப்பரிலா கட்டுவது? மண்டபத்துப் பயணத்துக்கும் என் குழம்புக் கவருக்கும் முடிச்சுப் போட்டுக் கொடுத்தது அந்த மாசி வீதிப் பைதான். இப்போது சாதம் வாழையிலையில், குழம்புக்குத் தூக்குவாளி கொண்டு வந்தால் பத்து ரூபாய் குறைவு. கொண்டு வராதவர்களுக்கு எவர்சில்வர் டப்பா, ஐம்பது ரூபாய் முன்பணம். முதல் வருஷம் இருபது டப்பா திரும்பவே இல்லை. அதையும் செலவுக் கணக்கில் எழுதிக்கொண்டேன்.

தெர்மாகோல் பெட்டிதான் இன்னும் தீரவில்லை. மீன் வருவதே அதில்தான். உடைந்தால் மணி மணியாக உதிர்ந்து காற்றில் பறந்து சாக்கடையில் இறங்கும். 2017-இல் வைகை அணையில் தெர்மாகோலை மிதக்கவிட்ட சீமைக்காரர்கள் நாம். அதைப் பற்றிப் பேச நமக்கு வாய் இருக்கிறதா என்பது வேறு. எனக்குத் தெரிந்த வழி: பெட்டியை உடைக்காமல் கழுவி, மூடியோடு கட்டி, மீன் கொண்டு வந்த வண்டியிலேயே திருப்பி அனுப்புவது. பத்துக்கு ஆறு போகிறது.

தூக்குவாளி விஷயத்தில் ஒரு சிக்கல் வந்தது. ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் தினமும் பார்சல் வாங்குவார். பத்து ரூபாய் குறைகிறது என்றதும் மறுநாளே வாளியோடு வந்துவிட்டார். கல்யாண வீட்டில் சாம்பார் பரிமாறும் வாளி. ஒரு ஆள் குழம்பை ஊற்றினேன், அடியில் ஒரு ஓரமாகப் போய் ஒட்டிக்கொண்டது. அவர் வாளியைச் சாய்த்து உள்ளே பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"வாளி பெருசா இருக்குல்லம்மா. இன்னும் ரெண்டு கரண்டி ஊத்து."